அவுரியா, கொளுஞ்சியா

படியூர் தாண்டிப் பஸ் பழுதாகி நின்ற அரைமணி நேரத்தில்
கிளுவை வேலிக்கு அந்தப் பக்கம்
கொழுக்கட்டைப் புல்லுக்கு நடுவே அதைப் பார்த்தேன்.
முழங்கால் உயரம். நுனியில் நாலைந்து ரோஸ் பூ.
எங்கள் லேபில் இந்த நிறத்துக்கு நம்பர் உண்டு;
செடிக்குத்தான் பெயர் தெரியவில்லை.

ஆடுகள் சுற்றிலும் வழித்து மேய்ந்துவிட்டு
இதை மட்டும் ஒதுக்கியிருந்தன.
அவுரிங்க, என்றார் கண்டக்டர்.
அட, கொளுஞ்சிங்க அது, என்றார் டீ குடித்தவர்.
இருவரும் அடித்துப் பேசி முடிக்குமுன்
பஸ் கிளம்பிவிட்டது.
என் சோற்றுப் பையில் ஒரு கிளை, ஆறு காய்.

சாயப்பட்டறை லேபில் பதினொரு வருஷம்.
பனியன் துணியில் நாலு விரல் துண்டு வெட்டி
விளக்குப் பெட்டிக்குள் வைத்து
பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு வெளிச்சம் என்று
ஸ்விட்ச் மாற்றிப் பார்ப்பது பிழைப்பு.
பகலில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ரோஸ்
கடை வெளிச்சத்தில் பங்காளிகளாய்ப் பிரிந்துவிடும்.
அவுரி என்றால் நீலம். எங்கள் தொழிலுக்கே மூத்தது.
அவுரியாகவே இருக்கட்டும் என்று
கொஞ்சம் ஆசைப்பட்டேன்.

மதியம் மயில்வேலனும் நானும் சிற்றிலைகளை எண்ணினோம்.
பதினைந்து. நுனியில் ஒன்று தனியாக.
அவுரிக்கும் அப்படித்தானாம்; உதவவில்லை.
காய் தட்டை, லேசாக மேல்நோக்கி வளைவு.
அவுரிக் காய் உருண்டு நீளும் என்று
வேளாண் கல்லூரியில் படிக்கும் அவன் மச்சினி பூவிழி
போனில் சொன்னாள். பிறகு,
ஒரு சிற்றிலையின் நுனியையும் அடியையும் பிடித்து
இழுத்துப் பாருங்க மாமா, என்றாள்.

குறுக்கே கிழியவில்லை.
நரம்போடு சாய்ந்து கிழிந்தது:
ஒரு துண்டில் மீன்வால், மறு துண்டில் அம்பு முனை.
இன்னொன்றை இழுத்தேன். அதே கிழிசல்.
பன்னிரண்டு இலைகளை வீணாக்கினோம்.
கொளுஞ்சி.

பூவை மெஷினில் வைத்தேன். துளையை மூடப் போதவில்லை,
மூன்று இதழ்களை அடுக்கினேன்.
முதல் அளவுக்கும் மூன்றாம் அளவுக்கும் நடுவே
டீ வந்தது; அதற்குள் ரோஸ்
நீலத்துப் பக்கம் சாய்ந்திருந்தது.

விதை கல். தொட்டியில் இருபது நாள், ஒன்றும் இல்லை.
சாயம் போகிறதா என்று துணியை உரசும் கருவியில்
உப்புத்தாளைச் சுற்றி, விதைக்கு இருபது உரசல்,
ராத்திரி வெந்நீர்.
நாலாம் நாள் முளைத்தது.
வேர் ஆழம் கேட்கும், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும்.
அதனால் நீல டிரம்மை வெட்டி, மொட்டைமாடியில்
ஒரே இடம்.

காசு குடுத்து வாங்குற தண்ணிங்க,
களைக்கு ஊத்தறீங்களே, என்றார்
வீட்டுக்கார பொன்னாத்தா.
மார்கழியில் பூத்தது. பங்குனியில் மெலிந்தது.
சித்திரையில் குச்சி.
செத்ததுக்கு எதுக்குங்க தண்ணி, என்றார் மறுபடியும்.
நகத்தால் அடித்தண்டைக் கீறினேன்.
தோலுக்குக் கீழே பச்சை, நூல் அளவு.
நாலு விரல் விட்டு வெட்டினேன்.
அதன்பின் அதைப் பார்க்கவே போகவில்லை,
ஆர்டர் நெருக்கடி, மூன்று ஷேடு திரும்பி வந்த மாதம்.

ஐப்பசி மழைக்கு அடியிலிருந்து ஏழு தளிர்.
இந்த வருஷ ரோஸ் ஒரு பொட்டு வெளுப்பு.
போன வருஷ அளவு நோட்டில் இருக்கிறது, ஒப்பிட்டேன்:
வித்தியாசம் ஒன்று புள்ளி நாலு.
பட்டறையில் இது எண்ணூறு கிலோ, திரும்ப வரும் சரக்கு,
முதலாளியின் மௌனம்.

இன்று காலை பொன்னாத்தா
டிரம்முக்கு மேலாகக் கொடிக்கயிறு கட்டினார்.
ஈர வேட்டி காற்றில் பூவைத் தொட்டுத் தொட்டு மீண்டது.
ஏனுங்க, இது வெள்ளையில ஒட்டுமா?
ஒட்டாதுங்க, என்றேன்.
அதை மட்டும்
சோதித்துப் பார்க்காமல் சொன்னேன்.